கறுப்புப் பெட்டிக்குத் தூக்கிய கை

சாசரின்மேல் கோப்பை நடுங்கும் சத்தம். அவ்வளவுதான். பெங்களூரில் நான் குடியிருக்கும் அறைக்குப் பின்னால் ரயில் பாதை போகிறது. சரக்கு வண்டி கடக்கும்போதெல்லாம் அலமாரியில் இருக்கும் இரண்டு பீங்கான் கோப்பைகளும் குளிரில் பல் தந்தியடிப்பதுபோலக் கிடுகிடுக்கும். துணியை மடித்து அடியில் வைத்துப் பார்த்தேன். நிற்கவில்லை. கோப்பைகளைத் தூக்கிப் போட்டுவிட்டு எவர்சில்வர் டம்ளருக்கு மாறியிருக்கலாம்; மாறவில்லை. கோலார் தங்கவயலில் பிறந்தவளுக்கு அந்தச் சத்தம் கேட்டதும் உடம்பு தானாக நின்றுபோகும். கையில் இருக்கும் கரண்டி, வாயில் இருக்கும் சொல், எல்லாம் அந்தந்த இடத்தில் நிற்கும். காது மட்டும் இறங்கிப்போய்த் தரையோடு படுத்துக்கொள்ளும். வண்டிதான், வெறும் சரக்கு வண்டிதான் என்று தெரிந்த பிறகும் கொஞ்ச நேரம் நான் அப்படியே நிற்கிறேன். அப்போதெல்லாம் என் அண்ணியின் கை ஞாபகத்துக்கு வருகிறது. விரலெல்லாம் கடலை மாவு காய்ந்து ஒட்டியிருந்த கை. தலைக்குமேல் உயர்ந்து, ஒரு பெட்டியைத் தேர்ந்தெடுத்த கை.

என் அண்ணன் சுரங்கத்தில் சர்வே ஆபீசர். ஸ்கெலட்டன் என்கிற தொழிலாளர் குடியிருப்பில், தகரக் கூரை போட்ட லைன் வீட்டில் பிறந்தவர். அப்பா வட ஆற்காட்டிலிருந்து பிழைக்க வந்து, பூமிக்கு அடியில் முக்கால் ஆயுளைக் கழித்தவர். அண்ணன் படித்தார். அடி ஸ்கேலும் தியோடலைட்டும் பிடிக்கிற வேலைக்குப் போனார். அவருக்குப் பெண் எடுத்தது தாய்மாமன் வீட்டில். முறைப்பெண்தான், அதே லைனில் நாலு வீடு தள்ளி. கல்யாணம் ஆகும்போது இரண்டு பேரும் ஒரே குழாயில் தண்ணீர் பிடித்தவர்கள். அப்புறம் சுரங்கம் சர்க்கார் கைக்கு வந்தது, வெள்ளைக்காரர்கள் ஒவ்வொருவராகக் கப்பலேறினார்கள். அண்ணனுக்கு நந்திதுர்க் சுரங்கத்துப் பக்கம் ஆபீசர் பங்களா ஒன்று கிடைத்தது. பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த நானும் அவர்களோடு போனேன். பங்களாவுக்குள் நுழைந்த அன்றைக்கே அண்ணன் அண்ணியிடம் சொன்ன முதல் வாக்கியம் இது: "இனிமே இந்த வீட்ல 'இன்னா', 'கீது' எதுவும் காதுல விழக்கூடாது."

அண்ணி சிரித்துக்கொண்டே கேட்டாள், "இன்னா மாமா சொல்றீங்க?"

அவர் சிரிக்கவில்லை. "மாமான்னும் கூப்பிடாதே. நாலு பேர் வந்துபோற இடம்."

போகிற துரைமார்கள் வீட்டுச் சாமான்களைக் கிளப் வராந்தாவில் ஏலம் விடுவார்கள். ஊஞ்சல் பலகையிலிருந்து முட்டை அடிக்கிற கம்பிவரை அங்கே வரும். அப்படி ஒரு ஏலத்தில்தான் அண்ணன் ரேடியோகிராம் வாங்கினார். அதில் போட்டுக் கேட்கிற பிளேட்டுகள், அதாவது இசைத்தட்டுகள், இரண்டு பெட்டி அதோடு ஒட்டிக்கொண்டு வந்தன. காது கேளாமல்போன ஒரு ஜெர்மன்காரர், அந்தக் காலத்து மேதை, ஒன்பது சிம்பொனிகள் எழுதியிருக்கிறார். அந்த ஒன்பதும் முழுசாக ஒரு பெட்டியில், அதே ஒன்பதும் மறுபடி முழுசாக இன்னொரு பெட்டியில். வாத்தியக்காரர்கள் வேறு, முன்னால் நின்று கோலசைக்கிறவர் வேறு. ஒன்று கறுப்புப் பெட்டி, ஒன்று சிவப்பு. ஒரே பாட்டை எதற்கு இரண்டு தடவை வாங்கிவைத்தார்கள் என்று கேட்டதற்கு ஏலம் போட்ட கிளார்க் சொன்னாராம், துரைக்குக் கறுப்பு பிடிக்கும், துரைசானிக்குச் சிவப்பு பிடிக்கும், இரண்டு பேரும் தனித்தனி அறையில் தூங்கினார்கள் என்று. அண்ணன் இதை விருந்தாளிகளிடம் சொல்லிச் சிரிப்பார். ஒரு கணவனும் மனைவியும் தனித்தனிப் பெட்டிக்குச் சொந்தமாவது அந்தத் துரை வீட்டோடு முடிந்துவிடவில்லை என்பது அப்போது யாருக்கும் தெரியாது.

அண்ணனுக்குச் சங்கீதம் பிடிக்குமா என்று கேட்டால் என்னால் இல்லை என்று சொல்ல முடியாது. ஏழாவது சிம்பொனியில் ஒரு மெதுவான நடை வரும், பாடையின் பின்னால் போகிறவர்கள் காலை இழுத்து இழுத்து வைப்பதுபோல. அதற்கு அவர் கண் கலங்கி நான் பார்த்திருக்கிறேன். ஆனால் கண் கலங்கியதை நான் பார்த்துவிட்டேன் என்பதற்காக ஒரு வாரம் என்னோடு பேசாமல் இருந்தவரும் அவர்தான். அவருக்குப் பிடித்ததெல்லாம் மற்றவர்களுக்குத் தெரியாததாக இருக்க வேண்டும். கிளப்பில் கிடந்த இங்கிலீஷ் பத்திரிகையில், ஒன்பது சிம்பொனிக்கும் சிறந்த செட் எது என்று பெரிய பெரிய ஆட்கள் சண்டை போட்டுக்கொள்வதைப் படித்துவிட்டு வந்தார். அன்றிலிருந்து, நல்ல வீட்டில் ஒரே ஒரு செட்தான் இருக்க வேண்டும், இரண்டு இருப்பது தெரியாதவன் வீடு என்று ஆரம்பித்தார்.

அண்ணிக்கு எந்த வாத்தியத்தின் பெயரும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவள் மெனக்கெடவில்லை. சமையலறையில் நின்றபடி வருஷக்கணக்கில் இரண்டு பெட்டியையும் கேட்டாள், அவ்வளவுதான். கேட்பதற்கு யாரும் கூப்பிடவில்லை, கேட்கக்கூடாது என்று யாரும் சொல்லவுமில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் வரும் சத்தத்தை யார் தடுக்க முடியும். கறுப்புப் பெட்டிக்காரர் வேகமானவர். சிவப்புப் பெட்டிக்காரர் நிதானம். ஒரு நாள் அரிசி களைந்துகொண்டே என்னிடம் சொன்னாள்: "கறுப்பு கீறாரே, அவரு கையில வாட்ச்சு கட்டிகினு வாசிக்க வைக்கிறாரு பாப்பா. ரயிலுக்கு நேரமாச்சுன்ற மாதிரி. செவப்பு அப்பிடி இல்ல. நீ சாப்ட்டு வா, நான் இங்கியே கீறேன்னு உக்காந்துகினு இருப்பாரு."

அவளுக்குத் தம்பி ஒருவர். எனக்கு மாமன் மகன். சுரங்கத்தில், பாறை சரியாமல் மரம் கட்டும் வேலை. ஷிஃப்ட்டு இல்லாத நாளில் அக்காவைப் பார்க்க வருவார். பின்கதவு வழியாகத்தான் வரவேண்டும் என்பது அண்ணனின் உத்தரவு. கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டே உள்ளே ஓடும் பிளேட்டைக் கேட்பார். "இன்னாக்கா, உங்கூட்ல கல்யாணமா சாவா? ரெண்டு மேளத்தையும் ஒண்ணா அடிக்கிறானுங்க." அண்ணி சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடக்கிக்கொண்டு சிரிப்பாள். கறுப்புக்கு அவர் 'ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்டு' என்று பேர் வைத்தார், சிவப்புக்கு 'நைட் ஷிஃப்ட்டு'. வேலைக்குப் போகிறவன் நடையும் வேலை முடிந்து வருகிறவன் நடையும் அப்படித்தான் இருக்கும் என்பார். அவரை எனக்குப் பேசலாமா என்று அண்ணி ஒரு தடவை அண்ணனிடம் கேட்டாள். முறைதானே, ஊரில் எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்ததுதானே. அண்ணன் என் பக்கம் திரும்பி, "உனக்கு ஆசையா? ஹெல்மெட்டுல சோறு பிசைஞ்சு தின்னணும், பரவாயில்லையா?" என்றார். நான் பதில் சொல்லவில்லை. பதில் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்க எனக்கு இப்போதும் பிடிக்காது. அதைத் தாண்டிப் போய்விடுகிறேன்.

ஒரு மத்தியானம் அண்ணன் வேலையிலிருந்து முன்னதாக வந்துவிட்டார். நானும் பள்ளிக்கூடம் விட்டு அப்போதுதான் பின்னால் நுழைந்தேன். ரேடியோகிராமுக்கு எதிரே தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அண்ணி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். சிவப்புப் பெட்டியின் ஆறாவது ஓடிக்கொண்டிருந்தது. ஆறாவது என்பது காடும் மேடும் மழையும் வெயிலுமான ஒரு நாள். முதலில் ஊர்க்கோடிக்குப் போகும் வழி, பிறகு ஓடை. ஓடை முடிகிற இடத்தில் எல்லா வாத்தியமும் ஒதுங்கிக்கொள்ள மூன்று குருவிகள் மட்டும் கூவும். அப்புறம் கிராமத்து ஆட்டம், ஆட்டத்தின் நடுவே இடி மழை, மழை விட்டபின் ஆட்டு மந்தைக்காரன் சொல்லும் ஒரு நன்றி. டிரம் என்று ஒன்று அந்த இடி மழைக்கு முன்னால் வாயே திறக்காது. அந்த வீட்டில் இருந்த எல்லோருக்கும் இது தெரியும். அத்தனை தடவை கேட்டிருக்கிறோம். அன்றைக்கு ஓடை போய்க்கொண்டிருந்தது. பூண்டுத் தோல் மின்விசிறிக் காற்றில் அண்ணியைச் சுற்றிப் பறந்தது. அவள் கண்ணை மூடியிருந்தாள். அண்ணன் கத்தவில்லை. போய் ஊசியைத் தூக்கிவைத்தார், பிளேட்டைத் துடைத்தார், உறையில் போட்டார். "பூண்டு நாத்தம்" என்றார். அதற்கு அடுத்த வாரமே போட்டியை அறிவித்தார். சனிக்கிழமை தோறும் விருந்தாளிகள் முன்னால் இரண்டு செட்டும் ஓடும். ஒவ்வொரு சிம்பொனியாக. கை தூக்கி முடிவு. ஜெயிக்கிற பெட்டி வீட்டில் இருக்கும். தோற்கிற பெட்டி கிளப்புக்குத் தானம்.

எந்தப் பெட்டி தோற்கப்போகிறது என்பது அண்ணிக்கு அன்றே தெரியும். ஆனாலும் அவள் ஆசைப்பட்டாள். சனிக்கிழமை ராத்திரி பாத்திரம் கழுவும்போது, "இன்னிக்கு எது பாப்பா?" என்று கேட்பாள். சில வாரம் சிவப்பு ஜெயித்தது. விருந்தாளிகளில் யாராவது ஒருவர் விவரம் தெரியாமல் நேர்மையாகக் கை தூக்கிவிடுவார். கடைசிக்கு வந்தபோது இரண்டும் சமமாக நின்றன. ஆறாவதை மழை நாளில் கேட்க வேண்டும் என்று அண்ணன் ஒதுக்கிவைத்திருந்தார். அது தீர்ப்பு சொல்ல வேண்டியதாகிவிட்டது. அந்த வாரம் பெங்களூரிலிருந்து ஆள் வரவழைத்துப் புதிதாகப் பெரிய ஸ்பீக்கர் ஒன்று பொருத்தினார்.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் ரேடியோவுக்கு அடியில் ரப்பர் வைப்பது பழக்கம். பாறையை அத்தனை ஆழத்துக்குத் தோண்டி வைத்திருக்கிறார்கள். அது எப்போதாவது தாங்க முடியாமல் உள்ளுக்குள்ளேயே வெடிக்கும். 'பர்ஸ்ட்' என்போம். மேலே பூமி ஒரு தடவை முக்கி முனகும், பாத்திரம் ஆடும், சுவரில் படம் கோணும். கீழே என்ன ஆனது என்பது அப்புறம்தான் தெரியும். பர்ஸ்ட் கேட்டால் லைனில் இருக்கிற பெண்கள் அடுப்பை அணைத்துவிட்டு, சுரங்கத்துக்குள் இறங்கும் குழி வாயான ஷாஃப்ட்டுக்கு ஓடுவார்கள். ஷாஃப்ட்டின் மேல் இருக்கும் பெரிய சக்கரம், ஆட்கள் போகிற கூண்டான கேஜை இறக்கி ஏற்றுகிற சக்கரம், சுற்றுகிறதா நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டே ஓடுவார்கள். நின்றிருந்தால் ஏதோ ஆகியிருக்கிறது. அண்ணனும் அந்த ஓட்டம் ஓடியவர்தான். அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து, பிறகு அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு. ரேடியோகிராமுக்கு அவர் சாதாரண ரப்பர் வைக்கவில்லை. கம்ப்ரசர் ஹவுஸில் கழித்துப்போட்ட, நாலு விரல் தடிமன் பலகைகள். பர்ஸ்ட் வந்தாலும் ஊசி குதிக்காது என்று பெருமையாகச் சொல்வார்.

அன்று சாயங்காலம் வந்திருந்தவர்கள் வடக்கேயிருந்து புதிதாக மாற்றலாகி வந்த என்ஜினியரும் அவர் மனைவியும், கல்கத்தாக்காரக் கெமிஸ்ட் ஒருவரும். மூன்று பேரும் ஊருக்கு வந்து மழைக்காலம் ஒன்றுகூடக் கழியவில்லை. பூமி முனகி அவர்கள் கேட்டதே இல்லை. அண்ணன் கோப்பைகளை நீட்டிக்கொண்டே, "இடி வர்றப்ப உங்க கையில கப்பு ஆடும் பாருங்க, அதான் இந்த ஸ்பீக்கர்" என்று இங்கிலீஷில் சொன்னார். முதலில் சிவப்பு. சிவப்புக்கு அவர் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழைக் கொஞ்சம் பின்னுக்குத் திருகி வைத்ததை நான் பார்த்தேன். ஒரு கப்பும் ஆடவில்லை. பிறகு கறுப்பு. குமிழ் முன்னால் போனது. வழி போனது, ஓடை போனது. அண்ணி பஜ்ஜித் தட்டோடு சமையலறை வாசற்படியில் வந்து நின்றாள். ஓடை அடங்கியது. மூன்று குருவிகள் கூவத் தொடங்கின.

அடியிலிருந்து அது வந்தது. தூரத்தில் ஒரு பெரிய கதவை இழுத்துச் சாத்துவதுபோல, சாத்தியபின்னும் சாத்திக்கொண்டே இருப்பதுபோல. கப்புகள் சாசர்மேல் கிடுகிடுத்தன. குருவிகள் பாட்டுக்குக் கூவின, ஊசி குதிக்கவில்லை.

என்ஜினியரின் மனைவி "ஓ" என்றாள், குழந்தை பட்டாசு பார்த்ததுபோல. அண்ணனின் முகம் மலர்ந்தது. "கேட்டீங்களா? இடி இன்னும் வரல. அதுக்கு முன்னாடியே தூரத்துல உறும வச்சிருக்கான். இதுதான் கலை. அந்தச் சிவப்புக்காரன் இதைக் கோட்டைவிட்டுட்டான்."

அண்ணி தட்டைத் தரையில் வைத்தாள். "பர்ஸ்ட்டுங்க" என்றாள். குரல் ஏறவில்லை. வெளிவாசல் பக்கம் நடந்தாள்.

"எங்க போற?"

"பர்ஸ்ட்டு. தம்பி செகண்ட் ஷிஃப்ட்டு."

"ஊரே செகண்ட் ஷிஃப்ட்டுலதான் இருக்குது. உன் தம்பி ஒருத்தனா? வா, உக்காரு." பிறகு விருந்தாளிகள் பக்கம் திரும்பி இங்கிலீஷில், "லைன்காரி. டிரம் அடிச்சாலும் ஷாஃப்ட்டுக்கு ஓடுவா" என்றார். அவர்கள் மரியாதைக்குச் சிரித்தார்கள். அண்ணிக்கு இங்கிலீஷ் தெரியாது. சிரிப்பு எல்லா மொழியிலும் தெரியும்.

"நான் போய்ப் பாத்துட்டு வந்துர்றேங்க."

"பிளேட்டு முடியட்டும். முடிஞ்சதும் எது நல்லதுன்னு கை தூக்கிட்டுப் போ. தினம் சமையல்கட்டுல நின்னு ஒட்டுக் கேக்கற இல்ல, இத்தனை பேர் முன்னாடி சொல்லிட்டுப் போ."

அவள் உட்கார்ந்தாள். ஏன் உட்கார்ந்தாள் என்று என்னைக் கேட்டவர்கள் உண்டு. அவர்களெல்லாம் அந்த வீட்டில் இருந்தவர்கள் அல்ல. ஜன்னலுக்கு நேரே இருந்த முக்காலியில் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் ஷாஃப்ட்டின் சக்கரம் தெரியும். அவள் பார்த்த திசையில் நானும் பார்த்தேன். சக்கரம் நின்றிருந்தது. பிளேட்டின் மறுபக்கத்தில் கிராமத்துக்காரர்கள் ஆடினார்கள். இடி மழை வந்தது. உண்மையான டிரம், அந்த ஜெர்மன்காரர் தன் கையால் எழுதிவைத்த டிரம், புது ஸ்பீக்கரில், திருகிய குமிழில். கப்புகள் லேசாக முனகியதோடு சரி. முன்னால் உறுமியதைவிட இது ஏன் இத்தனை சின்னதாக இருக்கிறது என்று அந்த அறையில் ஒருவரும் கேட்கவில்லை. மழை விட்டது. ஆட்டு மந்தைக்காரன் நன்றி சொன்னான், மறுபடி சொன்னான், இன்னொரு தடவை சொன்னான். கறுப்புப் பெட்டிக்காரர் வேகக்காரர் என்று அண்ணி சொன்னது அன்றைக்குப் பொய்யாகப் போயிற்று. அத்தனை மெதுவான பிளேட்டை நான் கேட்டதில்லை.

ஊசி உயர்ந்தது. "கறுப்புக்கு?" என்றார் அண்ணன். மூன்று விருந்தாளிகளும் அவரும் கை தூக்கினார்கள். "சிவப்புக்கு?" நான் தூக்கினேன், அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை. அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். முடிவு தெரிந்துவிட்டது. அவள் கை தேவையே இல்லை. இருந்தும் மெதுவாகக் கேட்டார், "நீ?"

அண்ணி எழுந்து நின்றாள். மாவுக் கையை உயர்த்தினாள். "கறுப்பு" என்றாள். "போலாமா?"

போனாள். செருப்பு போடவில்லை. நானும் பின்னாலேயே ஓடினேன். கேட் தாண்டும்போது ஆஸ்பத்திரி வண்டி எங்களைக் கடந்து எதிர்த்திசையில் போனது. ஷாஃப்ட்டின் முன்னால் கூட்டம். கேஜ் பக்கத்தில் நிற்கிற ஆள் அண்ணியை அடையாளம் தெரிந்து முன்னால் வந்தார். "இப்பத்தாம்மா தூக்கிகினு போனாங்க. பேசிகினுதான் இருந்தான். எங்கக்கா வந்துச்சா, எங்கக்கா வந்துச்சான்னு உன்னியே கேட்டுகினு இருந்தான். ஸ்ட்ரெச்சர கொஞ்ச நேரம் இங்கியே வெச்சிகினு நின்னோம், நீ வந்துருவேன்னு. ஏம்மா இவ்ளோ நேரம்?" அவள் திரும்பி ஆஸ்பத்திரிக்கு ஓடினாள். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள்.

அண்ணன் வந்தார். கோட்டு போட்டுக்கொண்டு காரில் வந்தார். எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்தார். பெரிய மாலை, நல்ல மரப் பாடை, பிள்ளையைப் பறிகொடுத்த மாமாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டது, எதிலும் குறை சொல்ல முடியாது. மூன்றாம் நாள் பால் தெளித்துவிட்டு வந்து உட்கார்ந்தவர், நாங்கள் இரண்டு பேரும் இருக்கும்போது, யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார்: "நாம கேட்டது அது இல்ல. பர்ஸ்ட்டா இருந்திருந்தா ஊசி குதிச்சிருக்கணும். குதிக்கல. அது பிளேட்டுல இருக்கற டிரம். பர்ஸ்ட்டு அப்புறமா நடந்திருக்கு." அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். நாலு விரல் ரப்பரை அவள் நினைத்திருப்பாள், நானும் நினைத்தேன். "சரிங்க" என்றாள்.

சிவப்புப் பெட்டியைப் பழைய சேலையில் கட்டி அவளே கொடுத்தனுப்பினாள். கிளப்பில் அதைப் போட்டுக் கேட்க ஆளில்லை. மழையில் ஒழுகுகிற அலமாரியில் ஒரு வருஷம் கிடந்தது. அப்புறம் ஆபீசர் மனைவிமார்களுக்கு யாரோ கைவேலை வகுப்பு எடுத்தார்கள்: பழைய பிளேட்டை வெந்நீரில் போட்டு இளக்கி, கிண்ணத்தின்மேல் கவிழ்த்து அமுக்கினால் ஓரம் சுருக்கம் சுருக்கமாகப் பூப்போல வரும். அண்ணிக்கும் ஒன்று பரிசாக வந்தது. சிவப்புப் பெட்டியின் பிளேட்டுதான்; அடியில் லேபிளில் எத்தனையாவது சிம்பொனி என்று நான் பார்க்கவில்லை. அவள் பார்த்தாள், சொல்லவில்லை. அதைக் கழுவித் துடைத்து அதில் பூண்டு போட்டுவைத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் நான் சொல்ல வந்தது. அண்ணன் அந்த உறுமலைத் தேட ஆரம்பித்தார். புது விருந்தாளிகளை உட்காரவைத்து, கறுப்புப் பெட்டியின் ஆறாவதைப் போட்டு, குருவி கூவும் இடத்தில் கையை உயர்த்துவார்: இப்போ, இப்போ கேளுங்க. குருவிகள் கூவும். ஒன்றும் வராது. ஊசி தேய்ந்திருக்கிறது என்றார், மாற்றினார். ஈரக் காற்று என்றார். ஸ்பீக்கரைக் கழற்றி வேறு வைத்தார். பிளேட்டை மடியில் வைத்துக்கொண்டு பெங்களூருக்குப் போய் வேறு யார் வீட்டிலோ போட்டுப் பார்த்தார். அவருக்கு அந்த டிரம் வேண்டியிருந்தது. அது பிளேட்டில் இருந்தால் அவர் ரசிகர். இல்லையென்றால் அவர் யார் என்று சொல்ல எனக்கு வார்த்தை இருக்கிறது, கூடப் பிறந்தவள் என்பதால் சொல்லவில்லை. லைனில் பிறந்த காது அது. தெரியாமல் இருந்திருக்க முடியாது. பர்ஸ்ட் கேட்டால் எழுந்து ஓடவேண்டும், டிரம் கேட்டால் உட்கார்ந்திருக்கலாம். அந்த உட்கார்ந்திருக்கும் உரிமைக்காகத்தான் அவர் அத்தனை படித்தார்.

அண்ணி மறுத்துப் பேசியிருக்கலாம். பேசவில்லை. சனிக்கிழமை சாயங்காலம் அவளே கறுப்புப் பெட்டியை எடுத்து அவர் எதிரே வைப்பாள். "ஆறாவது போடட்டுங்களா?" தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு கேட்பாள், மாப்பிள்ளைக்குப் பலகாரம் வைக்கிற மாதிரி. குருவி கூவி முடிந்து ஒன்றும் வராமல் அவர் முகம் தொங்கும்போது காப்பியை நீட்டுவாள். ஒரு தடவை அவர் நாற்காலியிலேயே கண் அயர்ந்துவிட்டார். விழித்தபோது பிளேட்டு முடிந்து சும்மா சுற்றிக்கொண்டிருந்தது. அண்ணி சொன்னாள், "இன்னிக்கு வந்துச்சுங்க. நல்லா கணீர்னு. நீங்கதான் தூங்கிட்டீங்க."

அவர் துள்ளி எழுந்து மறுபடி போட்டார். மறுபடி. அன்று சாப்பாட்டுக்கு வரவில்லை. சமையலறையில் அவள் பூண்டு நசுக்கிக்கொண்டிருந்தாள். என்னை ஏறிட்டுப் பார்த்து, "இன்னா பாப்பா அப்பிடிப் பாக்கிற?" என்றாள். அவ்வளவு அமைதியான முகத்தை நான் கண்டதில்லை. வருஷக்கணக்கில் இது நடந்தது. பிடித்த செட் என்பது அந்த வீட்டில் இப்படி ஆகிப்போனது: அவர் ஜெயிக்கவைத்த பெட்டியை அவரால் ஒரு வாரம்கூடக் கேட்காமல் இருக்க முடியவில்லை, கேட்கவும் முடியவில்லை.

ரிட்டயர் ஆகும் வயதில் அவருக்குக் காது மங்கிவிட்டது. குருவிகளே சரியாகக் கேட்கவில்லை. வாய் மட்டும் லைனுக்குத் திரும்பிப் போயிற்று. யாரும் விரட்டாமலே 'கீது'ம் 'இன்னா'வும் அவர் பேச்சில் வந்து உட்கார்ந்துகொண்டன. பங்களாவைக் காலி செய்யும் நாள் வந்தது. அவர் பெங்களூரில் வீடு பார்த்திருந்தார். அண்ணி தன் துணிகளைத் தனியாக ஒரு டிரங்குப் பெட்டியில் வைத்தாள், மேலே பிளேட்டில் செய்த அந்தக் கறுப்புப் பூக்கிண்ணத்தை வைத்தாள். ஸ்கெலட்டனில் மாமி, அவளுடைய அம்மா, தனியாக இருந்தாள். அங்கே போகிறேன் என்றாள். எத்தனை நாளைக்கு என்று அண்ணன் கேட்கவில்லை. கேட்டால் பதில் வரும் என்று பயந்திருப்பார்.

லாரி கேட்டுக்கு வெளியே உறுமிக்கொண்டு நின்றது. அதன் அதிர்வில் வைக்கோல் போட்டுக் கட்டிய பெட்டிக்குள் கோப்பைகள் கிடுகிடுத்தன. இன்று என் அலமாரியில் இருக்கும் இரண்டும் அந்தப் பெட்டியில் இருந்தவைதான். அண்ணன் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தார், கறுப்புப் பெட்டி மடியில். என்னை உள்ளே தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாகக் குனிந்தார். கீழே அண்ணி நின்றாள். அவளுக்குப் பின்னால் ஷாஃப்ட்டின் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஒண்ணே ஒண்ணு சொல்லு" என்றார். "அன்னிக்கு அந்தச் சத்தம். குருவி கத்தறப்ப. உன் காதுல கேட்டுச்சு இல்ல? எனக்கு மட்டுமா கேட்டுச்சு? நெசமாச் சொல்லு, பிளேட்டுல கீது தானே அந்த டிரம்மு?"

அவள் ஜன்னல் அருகே வந்தாள். அவர் காது மந்தம் என்பதால் எட்டி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள். பங்களாவுக்கு வந்த அன்றைக்கு அவர் கூப்பிடாதே என்றதிலிருந்து அவள் சொல்லாத பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள்.

"கேட்டுச்சு மாமா. பிளேட்டுல இல்ல."